அசோலா சிவந்தால், வெளுத்தால், வேர் உதிர்த்தால்: களைக்கொல்லி பட்ட தொட்டியைக் காப்பாற்றும் வழி

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம், பாப்பாரப்பட்டி பக்கம் பால்மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தீவனத்துக்காக அசோலா தொட்டி போட்டுக் கொடுக்கிறேன். போட்டுக் கொடுத்த பிறகு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும்: "அண்ணா, நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சு, இன்னிக்கு செவந்துபோச்சு. கொட்டிடலாமா?"

கொட்ட வேண்டாம். மாட்டுக்கும் போட வேண்டாம். முதலில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

அசோலா நீரில் மிதக்கும் பெரணி வகை. தானே தற்காத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. களைக்கொல்லி பட்டால் இலைக்குள் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீங்கான ஆக்சிஜன் வகைகள் பெருகும். அவற்றை அழிக்க சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் வேகமெடுக்கும். செடிக்குள் இருக்கும் குளூட்டதயோன் என்ற பொருள் சில மருந்துகளோடு நேரடியாகச் சேர்ந்து அவற்றின் நஞ்சை முறிக்கும். மழையில் ஒழுகும் ஓட்டு வீட்டில் பாத்திரம் வைத்து மொண்டு வெளியே ஊற்றுவதைப் போன்றது இது. ஊற்றும் கை வேகமாக இருக்கும்வரை தரை நனையாது. ஒழுக்கு கூடிவிட்டால் கை ஓய்ந்துபோகும். அதன் பிறகு செல்லின் சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீரில் கசிந்துவிடும். அந்தக் கை ஓய்வதற்குள் நாம் தண்ணீரை மாற்றியாக வேண்டும். கீழே சொல்லும் எல்லாச் சோதனையும் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இதில் வரும் அளவுகள் நம் பக்கம் வழக்கமாகப் போடும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் சில்பாலின் (பிளாஸ்டிக்) ஷீட் தொட்டிக்கு. 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சுமார் 400 லிட்டர்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றும்

வேர். ஒரு செடியை விரலில் எடுத்துத் திருப்புங்கள். அடியில் மெல்லிய வேர்கள் தொங்க வேண்டும். லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடக் கூடாது.

நுனி. அசோலா கிளைத்துக் கிளைத்து முக்கோணமாக விரியும். ஒவ்வொரு கிளையின் கடைசியிலும் நெருக்கமாக அடுக்கிய சின்ன இலைகள் இருக்கும். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் என்ன நிறமாக இருந்தாலும் நுனி பச்சையாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது.

தண்ணீர்த் துளி. மேலே ஒரு சொட்டு விடுங்கள். நல்ல அசோலாவில் அது முத்தாக உருண்டு நிற்கும். பரவி நனைந்துவிட்டால், மருந்தோடு கலக்கும் ஒட்டு திரவமோ, சோப் ஆயிலோ, பாத்திரம் கழுவிய தண்ணீரோ தொட்டியில் கலந்திருக்கிறது. மேல் இலையின் நீர் ஒட்டாத தன்மை போனால் செடி மிதக்க முடியாமல் அமிழும். களைக்கொல்லித் துளி வந்து விழுந்திருக்கலாம் என்பதற்கு இதுவும் ஒரு தடயம்.

அடுத்து தொட்டியைச் சுற்றி ஒரு நடை போங்கள். பக்கத்தில் தக்காளியோ அவரையோ பருத்தியோ இருக்கிறதா? இளம் இலை சுருங்கி, நரம்பு நெருங்கி, காம்பு முறுக்கியிருந்தால் காற்றில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்திருக்கலாம். அசோலா சொல்வதற்கு முன்பே தக்காளி சொல்லிவிடும். வரப்புப் புல் வரிசையாகக் காய்ந்திருந்தால் அங்கே யாரோ கிளைபோசேட், பாராகுவாட் மாதிரி களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "மாமா, நேத்து என்ன மருந்து அடிச்சீங்க? டப்பா இருந்தா காட்டுங்க" என்று கேட்டால் எடுத்து வந்து காட்டிவிடுவார். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். டப்பாவில் உள்ள நிற முக்கோணம் மனிதருக்கும் கால்நடைக்கும் எவ்வளவு ஆபத்து என்பதற்கான அடையாளம். பச்சை முக்கோணம் என்பதால் அசோலாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். களையைக் கொல்லவே செய்த மருந்து அது.

## அறிகுறி 1: தொட்டி முழுக்கச் சிவப்பு அல்லது செங்கல் நிறம்

அதிகம் பேர் பயந்து கொட்டிவிடுவது இதைப் பார்த்துத்தான். அசோலா நெருக்கடியில் இருக்கும்போது அந்தோசயனின் வகை சிவப்பு நிறமியைச் சேர்த்துக்கொள்ளும். இலைக்குள் விழும் அதிக வெளிச்சத்தைத் தடுப்பதும், தீங்கான ஆக்சிஜனைத் தணிப்பதும் அதன் வேலை. ஆகவே சிவப்பு என்றால் செடி இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதை எதிர்த்து என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

### வெயிலா, குளிரா?

செலவே இல்லாத காரணம் இது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழி, தை மாதங்களில் தொட்டி சிவப்பது வழக்கம். தர்மபுரி, அரூர் பக்கம் பங்குனி, சித்திரை வெயிலில் சிவக்கும். தண்ணீரின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி குறைந்துவிடும்.

சோதனை: தொட்டியில் நிழல் விழும் மூலையைப் பாருங்கள். அங்கே பச்சையும் வெயில் படும் பக்கம் சிவப்பும் இருந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெயிலுக்குப் பச்சை நெட் கட்டுங்கள், தண்ணீரை இரண்டு மூன்று செ.மீ. கூட்டுங்கள். குளிருக்கு நெட்டை எடுத்துவிட்டுக் காலை வெயில் படவிடுங்கள்.

### பாஸ்பரஸ் குறைவா?

நம் செம்மண் தொட்டிகளில் இதுதான் முதல் காரணம். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் போடச் சொல்லிவிட்டு வருவோம். முதல் மாதம் ஒழுங்காக நடக்கும், பிறகு மறந்துபோகும்.

சோதனை: வேர் வழக்கத்தைவிட நீளமாக, சுருண்டு, ஆனால் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும். செடி சின்னதாக இருக்கும். ஒரு டப்பில் கொஞ்சம் சிவந்த அசோலாவைத் தனியாகப் போட்டு, சூப்பர் பாஸ்பேட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மேல் தெளிவில் ஒரு கரண்டி ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் புது நுனி பச்சையாக வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தொட்டிக்கு அளவோடு போடுங்கள். அள்ளிக் கொட்டினால் பாசி பிடித்துக்கொள்ளும், பிறகு அந்தப் பாசியோடு போராட வேண்டும்.

### மருந்தா?

நிழல் மூலையும் சிவந்து, பாஸ்பேட் போட்டும் மாறாமல், தொட்டியின் ஒரு பக்கம், குறிப்பாகக் காற்று வரும் பக்கமோ தண்ணீர் விழும் குழாய்ப் பக்கமோ, முதலில் சிவந்திருந்தால் களைக்கொல்லி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நுனி பச்சையாக, வேர் ஒட்டியிருந்தால் நேரம் இருக்கிறது. கடைசியில் உள்ள "மீட்பு" பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

## அறிகுறி 2: ஒரே நாளில் வெந்துபோன வெள்ளை, பழுப்புத் திட்டு

காலையில் நன்றாக இருந்தது, மறுநாள் மதியத்துக்குள் வெந்நீர் ஊற்றியது மாதிரி திட்டுத்திட்டாகப் போய்விட்டது என்பார்கள்.

### யாராவது ஸ்பிரேயர் கழுவினார்களா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், வெட்கப்படாமல் வீட்டிலேயே கேளுங்கள். மருந்து அடித்துவிட்டு வந்து போர் பக்கத்தில் டேங்கைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி அசோலா தொட்டியில் சேரும். அல்லது களை மருந்து அடித்த அதே டேங்கில் மறுநாள் பஞ்சகவ்யாவைக் கலந்து தொட்டிக்குத் தெளிப்பார்கள். களைக்கொல்லிக்கென்று ஒரு ஸ்பிரேயரைத் தனியே வைத்துக்கொள்வது கடைசியில் சொன்னதற்குத் தீர்வு.

### பாராகுவாட்டா?

பாராகுவாட் ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைத் திருப்பி ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். வெயில் இருக்கும்வரை சூப்பர்ஆக்சைடு உற்பத்தி நிற்காது. அசோலாவின் நொதிகள் எவ்வளவு வேகமெடுத்தாலும் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. துளி பட்ட இடம் மட்டும் வெந்து, ஓரம் தெளிவாகத் தெரிந்தால் இது என்று நினைக்கலாம்.

செய்ய வேண்டியது: திட்டுகளை மட்டும் சல்லடையால் அள்ளி எடுங்கள். உடனே நிழல் போடுங்கள். நிழல் அழிவைத் தள்ளிப்போடும், குணப்படுத்தாது. ஆகவே நிழலோடு தண்ணீரையும் மாற்ற வேண்டும். பாராகுவாட் களிமண்ணில் இறுக ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும் என்பது நமக்குச் சாதகம். புதிதாக விட்ட தண்ணீரில் சலித்த புது மண்ணைக் கரைத்து ஊற்றினால் மிச்சம் இருப்பது அதில் பிடிபடும்.

வெறும் கையால் அள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். பாராகுவாட் யார் வாய்க்குள்ளாவது போயிருந்தால், ஒரு வாய் என்றாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முதல் நாள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் கொண்டுபோக வேண்டும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

### சாணமா?

மருந்தே அடிக்காத ஊரிலும் இப்படி வேகும். பச்சைச் சாணத்தை, அதுவும் மாட்டு மூத்திரத்தோடு சேர்த்து, கரைக்காமல் ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடத்தில் அம்மோனியா ஏறி அசோலா கருகும். திட்டு ஒன்றே ஒன்றாக, சாணம் விழுந்த இடத்தில் இருந்தால் கவலை வேண்டாம். அடுத்த முறை கரைத்து ஊற்றுங்கள்.

## அறிகுறி 3: மெல்ல மெல்ல மஞ்சள்

### நுனி மட்டும் வெளிறினால்

தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். கெட்டிலின் அடியில் வெள்ளை படிகிற அதே தண்ணீரைத்தான் தொட்டிக்கும் விடுகிறோம். அசோலாவுக்கு கார அமிலநிலை (பி.எச்.) 5.5 முதல் 7 வரை இருந்தால் நல்லது. 8-ஐ நெருங்கினால் தண்ணீரில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. புது நுனி வெளிறும்.

சோதனை: பி.எச். தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள். 7.5-க்கு மேல் இருந்தால் முதலில் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு மழைநீர் விடுங்கள். அப்படியும் தேறாவிட்டால் 400 லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியைக் (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். இரும்பு அதிகமானால் அதுவே இலைக்குள் தீங்கான ஆக்சிஜனை உண்டாக்கும்.

யூரியா போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அசோலாவின் இலைக் குழிக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அது நலமாக இருக்கும் தொட்டியில் தழைச்சத்துக் குறைவு வராது.

### நுனியில் தொடங்கி ஒரு வாரத்தில் நடுவும் வெளுத்தால்

வரப்பிலோ மாந்தோப்பிலோ கிளைபோசேட் அடித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இது அவசரப்படாமல் கொல்லும். செடி புரதம் செய்யத் தேவையான அமினோ அமிலங்களை உண்டாக்கும் வழியை அடைப்பதால் முதலில் புது நுனிதான் வெளுக்கும். கிளைபோசேட்டும் மண்ணில் நன்றாக ஒட்டும், ஆகவே தண்ணீர் மாற்றமும் புது மண்ணும் பலன் தரும்.

### பழைய இலையின் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பானால்

மக்காச்சோளம் விதைத்த பருவமா? விதைத்து மூன்றாம் நாள் ஏக்கருக்கு 200 கிராம் என்ற கணக்கில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிப்பது இங்கே வழக்கம். அதற்கு அடுத்த பெருமழையில் மேட்டு நிலத்திலிருந்து வழிந்து கீழே உள்ள கிணற்றுக்கோ பண்ணைக்குட்டைக்கோ வரும். அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் தொட்டிக்கு விட்டிருப்பீர்கள்.

அட்ரசின் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். அது ஒளிச்சேர்க்கையை அடைத்து அசோலாவை மட்டும் தாக்குவதில்லை, உள்ளே இருக்கும் நீலப்பச்சைப் பாசியையும் தாக்கும். அதுவும் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்தானே. மக்காச்சோளம் தப்பிப்பதற்குக் காரணம் அதற்கு அட்ரசினைக் குளூட்டதயோனோடு சேர்த்து நஞ்சை முறிக்கும் வேகம் உண்டு. அசோலாவுக்கு அந்த வேகம் இல்லை. மண்ணில் அட்ரசின் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட நிற்கும். எனவே தொட்டித் தண்ணீரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி 4: வேர் உதிர்ந்து, செடி துண்டுதுண்டாகப் பிரிவது

தொட்டிக்குள் கையை விட்டு அடியைத் துழாவினால் வேர்கள் கொத்தாகக் கையில் வரும். மேலே மிதப்பது இன்னும் பச்சையாகவே இருக்கும். பச்சையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நிறம் மாறிய தொட்டியைவிட இது அவசரம். அசோலா தாங்க முடியாத நெருக்கடியில் தானே வேரைக் கழற்றிவிடும். கிளைகளும் பிரிந்து தனித்தனியாக மிதந்து விலகும். நல்ல தண்ணீர் கிடைத்தால் அந்தத் துண்டுகளிலிருந்து புது வேர் வரும். கிடைக்காவிட்டால் மூன்று நான்கு நாளில் அழுகல் வாடை அடிக்கும்.

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள். மதியம் தண்ணீரில் கை வைக்க முடியாத சூடா? தண்ணீர் பத்து செ.மீ. ஆழத்திலிருந்து விரற்கடை ஆழத்துக்கு வற்றிவிட்டதா? சாணம் அதிகமாகி அம்மோனியா வாடை வருகிறதா? தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் விட்டீர்களா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் விடுகிறவர்கள் அதை ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்துவிட்டு விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் 2,4-டி-யைச் சந்தேகியுங்கள். கேழ்வரகிலும் நெல்லிலும் கரும்பிலும் அகன்ற இலைக் களைக்கு அடிப்பது. இதில் ஈத்தைல் எஸ்டர் வகை அடித்த பிறகும் ஆவியாகக் கிளம்பிப் பக்கத்து நிலத்துக்குப் போகும். வெயில் நாளில் இன்னும் அதிகம். சோடியம் உப்பு, அமைன் உப்பு வகைகளில் அந்தத் தொல்லை குறைவு. அடுத்த பருவத்தில் பக்கத்து நிலத்துக்காரரிடம் "எஸ்டர் வேண்டாம் மாமா, உப்பு வாங்குங்க" என்று கேட்டுக்கொள்ளலாம். அவருடைய தக்காளிக்கும் அது நல்லதுதான்.

இன்னொரு வழியையும் யாரும் யோசிப்பதில்லை. 2,4-டி அடித்த வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டால் அது பெரும்பாலும் மாறாமல் அப்படியே மூத்திரத்தில் வெளியேறும். கொட்டகைத் தரையிலிருந்து வாரிய சாணம் அந்த மூத்திரத்தோடுதான் தொட்டிக்கு வருகிறது. மருந்து அடித்த புல்லை மாட்டுக்குப் போடவே கூடாது.

### டி.டி.எஸ். மீட்டர் வைத்து ஒரு சோதனை

வேர் உதிர்ந்த தொட்டியைக் காப்பாற்றலாமா என்று குழப்பமாக இருந்தால் இதைச் செய்யுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல வீட்டில் இருக்கிறது. சந்தேகத் தொட்டியில் 50 கிராம், நல்ல தொட்டியில் 50 கிராம் அசோலா எடுத்து, இரண்டையும் ஆர்.ஓ. தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். தனித்தனிப் பாத்திரத்தில் அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டு மீட்டரைப் பாருங்கள். நிழலில் வைத்து நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

சவ்வு கிழிந்த செடியிலிருந்து உப்புகள் வெளியே கசியும். இரண்டு பாத்திரத்திலும் ஏற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சந்தேகத் தொட்டியின் தற்காப்பு இன்னும் ஓயவில்லை, மீட்பில் இறங்கலாம். சந்தேகத் தொட்டியின் ஏற்றம் பல மடங்கு இருந்தால் அந்தச் செடிக்காக உழைக்க வேண்டாம். ஆய்வகத்தில் மின்கடத்தும் திறனைக் கொண்டு அளப்பதும் இதே கசிவைத்தான். ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள், எண்ணை வைத்து மருந்தின் அளவைச் சொல்ல முடியாது.

மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை நசுக்கிய அசோலா மேல் விட்டு நுரை வந்தால் உயிர் இருக்கிறது என்று ஒரு முறை சுற்றிவருகிறது. கேட்டலேஸ் நொதியால் நுரைப்பது உண்மைதான். ஆனால் இலையில் ஒட்டிய சாணத்து நுண்ணுயிரும் அதே நுரையைக் கொடுக்கும். நான் அதை நம்பி முடிவெடுப்பதில்லை.

## அறிகுறி 5: பச்சையாக இருக்கிறது, பெருகவில்லை

தினம் அரை கிலோ எடுத்த தொட்டியில் இரண்டு கைப்பிடி எடுத்தாலே அடுத்த நாள் வெற்றிடம் தெரிகிறது என்றால், முதலில் நெரிசலைப் பாருங்கள். தினமும் எடுக்காமல் மூன்று அடுக்காக மண்டியிருந்தால் வளர்ச்சி தானாக நிற்கும். அடுத்து பாஸ்பேட். அடுத்து தொட்டியின் வயது: ஆறு மாதத்துக்கு மேல் மண்ணையும் தண்ணீரையும் முழுதாக மாற்றவில்லையென்றால் மாற்றுங்கள்.

இவை சரியாக இருந்தால் பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர், பெண்டிமெத்தலின் போன்ற முளைக்கும் முன் அடிக்கும் மருந்துகளைச் சந்தேகியுங்கள். இவை நிறத்தை உடனே மாற்றுவதில்லை, புது வளர்ச்சியைத் தடுக்கும். நுனி குட்டையாக, கெட்டியாக இருக்கும். முதல் இரண்டு மருந்துகளையும் முறிப்பதில் குளூட்டதயோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அளவு குறைவாக இருந்தால் அசோலா தானாக மீள்வதைப் பார்க்கலாம். தண்ணீரை மாற்றிவிட்டுப் பத்து நாள் பொறுங்கள்.

நெல் வயலில் விட்ட அசோலாவுக்கும் இதே கதைதான். நட்ட சில நாளில் மருந்தைப் போட்டுவிட்டு, அதே தண்ணீரில் அசோலாவையும் தூவினால் பெருகாது. அந்தத் தண்ணீர் வற்றி, புதுத் தண்ணீர் கட்டிய பிறகு ஒரு வாளியில் வயல் தண்ணீரை மொண்டு கொஞ்சம் அசோலா விட்டுப் பாருங்கள். அது வளர்ந்தால் வயலில் விடுங்கள்.

## அறிகுறி 6: ஓட்டை, நூலாம்படை, கருப்புச் சாணித்துகள்

களைக்கொல்லி இல்லை. புழுவோ நத்தையோ. அள்ளி எடுத்துத் தனியாகப் போடுங்கள், மாட்டுக்குப் போகும் தொட்டியில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

## அறிகுறி 7: தேறியது, மறுபடி போய்விட்டது

தண்ணீரை மாற்றினீர்கள், பச்சை வந்தது, இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் சிவந்து வேர் உதிர்ந்தது. மருந்து எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது. இதற்கு வாளிச் சோதனையைத் தவிர வேறு வழி இல்லை.

நான்கு வாளி எடுங்கள். மருந்து அடிக்காத வேறு ஊரிலிருந்து நல்ல அசோலா கொண்டுவாருங்கள்.

- முதல் வாளியில் மழைநீர். இது ஒப்பிடுவதற்கு.
- இரண்டாவதில் தொட்டிக்கு விடும் போர் அல்லது கிணற்றுத் தண்ணீர்.
- மூன்றாவதில் மழைநீரும் தொட்டியின் அடி மண் இரண்டு கைப்பிடியும்.
- நான்காவதில் மழைநீரும் நீங்கள் போடும் சாணம் ஒரு கைப்பிடியும், நன்றாகக் கரைத்து.

எல்லாவற்றிலும் ஒரே அளவு அசோலா, ஒரே நிழல். மூன்றாம் நாள் வேரையும், ஐந்தாம் நாள் நுனியையும், ஏழாம் நாள் பெருக்கத்தையும் பாருங்கள். இரண்டாவது வாளி கெட்டால் தண்ணீர்தான் காரணம். மூன்றாவது கெட்டால் மண்ணைத் தூக்கி எறிந்து ஷீட்டைக் கழுவ வேண்டும். நான்காவது கெட்டால் தீவனத்தையும் புல்லையும் விசாரியுங்கள். முதல் வாளியே கெட்டால் நீங்கள் கொண்டுவந்த அசோலாவிலோ வாளியிலோ குறை இருக்கிறது. மருந்து கலந்த பக்கெட்டை எடுத்திருக்கிறீர்களா பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால் அது அசோலாவோடு நிற்கிற விஷயம் இல்லை. அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, சில வீட்டில் மனிதரும் குடிக்கிறார்கள்.

## மீட்பு

நுனி பச்சை, கசிவு குறைவு என்று தெரிந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

நல்ல நுனி உள்ள செடிகளாகப் பார்த்து இரண்டு கைப்பிடி மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். மூன்று வாளி நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பில் சலித்த புது மண், பத்து செ.மீ. மழைநீர், மேலே பச்சை நெட். முதல் மூன்று நாள் சாணம் வேண்டாம். வெயிலைக் குறைத்தால் இலைக்குள் தீங்கான ஆக்சிஜன் உருவாவது குறையும், மிச்சமிருக்கும் நொதிகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நான்காம் நாள் பாஸ்பேட் தெளிவைக் கொஞ்சம் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் புது நுனியும் வெள்ளைப் புது வேரும் வர வேண்டும். பத்து நாளுக்குப் பிறகும் வேர் வராவிட்டால் புது விதை அசோலா வாங்குவதே செலவு குறைவு. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பழைய தொட்டியின் அசோலாவை மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் போடாதீர்கள். பெரணிகள் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சித் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும். தேறிவிட்டது என்பதற்காக மருந்து போய்விட்டது என்று ஆகாது. மாட்டுக்குப் போடுவது புது டப்பிலிருந்து புது மண்ணில் பெருகிய அடுத்த தொட்டி அசோலாவாக இருக்கட்டும்.

பழைய தண்ணீரை ஏரிக்கோ, வாய்க்காலுக்கோ, கிணற்றுப் பக்கமோ விட வேண்டாம். தக்காளிப் பாத்திக்கும் வேண்டாம். கிணற்றுக்கு எட்ட, பயிர் இல்லாத தரிசில் பரப்பி ஊற்றுங்கள். அள்ளிய அசோலாவை அங்கேயே குழி தோண்டி மூடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

மாடு ஏற்கெனவே தின்றுவிட்டு எச்சில் வடித்தால், தள்ளாடினால், தீனி எடுக்காமல் நின்றால் உடனே கால்நடை மருத்துவர். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். மருந்து டப்பாவையோ அதன் படத்தையோ கையில் வைத்திருங்கள், மருத்துவருக்கு அதுதான் முதலில் தேவை.

வாளிச் சோதனையில் கிணறு கெட்டதாகத் தெரிந்தாலோ, ஒரே ஊரில் மூன்று நான்கு தொட்டி ஒரே வாரத்தில் போனாலோ வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம். தண்ணீரில் எந்த மருந்து எவ்வளவு என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நஞ்சு எச்ச ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் அந்த வசதி உண்டு. செலவும் நாளும் ஆகும், எனவே ஒரு தொட்டிக்காக அனுப்பாதீர்கள். குடிக்கும் கிணறு என்றால் யோசிக்காமல் அனுப்புங்கள்.

மாதிரி எடுப்பதற்குச் சுத்தமான கண்ணாடிப் பாட்டில், பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. கழுத்து வரை நிரப்பி, தேதியும் இடமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும்.